பொன்னி உட்காரும் விதம்

கோவிலம்பாக்கத்தில் லேக் பிரீஸ் என்கிளேவ் என்றொரு அடுக்குமாடிக் குடியிருப்பு உண்டு. ஏரி எந்தப் பக்கம் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால், நீங்கள் அதன் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறீர்கள் என்பார் வாசல் காவலாளி. அந்த வாசலுக்கு இடதுபுறம், டிரான்ஸ்பார்மருக்கும் புங்கமரத்துக்கும் நடுவே கிடக்கும் எட்டடி இடத்தில் பதினோரு வருடமாக மீன் விற்றுவருகிறாள் பொன்னி. ஊர் ஈஞ்சம்பாக்கம் பக்கத்தில் ஒரு குப்பம். புருஷன் துலுக்காணம் கடலுக்குப் போகிறவன். கடல் விடாத நாட்களில் கடலைப் பற்றிப் பேசுகிறவன். மகள் ஷர்மிளா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். அந்த உட்காரலைப் பற்றி இதுவரை யாரும் புகார் கொடுத்ததில்லை.

பொன்னியின் உட்காரலைப் பற்றித்தான் புகார்.

அரிவாள்மனையில் மீன் வெட்ட ஒரே ஒரு விதம்தான் உண்டு. பலகையின் முனையை வலது காலால் மிதித்துக்கொள்ள வேண்டும். இடது காலை மடக்கிக்கொள்ள வேண்டும். புடவையை முழங்காலுக்கு மேலே ஏற்றி, கொசுவத்தைத் தொடைகளுக்கு நடுவே அடக்கிச் செருகிக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் செதிலும் மீன் தண்ணீரும் புடவையில் ஏறும், பாதம் பலகையை விட்டு வழுக்கும், நாலு கிலோ வஞ்சிரம் கையிலிருந்து துள்ளும். செத்த மீன்தான், ஆனாலும் துள்ளும். ஒன்பது வயதிலிருந்து பொன்னி இப்படித்தான் உட்காருகிறாள். இப்போது நாற்பத்தாறு. இடையில் இந்த உட்காரலுக்கு வேறு பெயர் இருக்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், வந்த புதிதில் அவள் அங்கே மீன் வெட்டவே இல்லை. முழு மீனை நிறுத்துக் கொடுப்பாள். வாங்கிப் போகிறவர்கள் வீட்டில் ஆய்ந்துகொள்வார்கள். ஆறாவது மாதமே லேக் பிரீஸின் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக அவளிடம் முறையிட்டார்கள். சிங்க் அடைத்துக்கொள்கிறது, லிஃப்டில் வாசம் ஏறுகிறது, வேலைக்கு வரும் பெண் செவுளைத் தொடமாட்டேன் என்கிறாள். நீயே சுத்தம் செய்து துண்டு போட்டுக் கொடுத்தால் என்ன. குழம்புக்கு ஒரு அளவு, வறுவலுக்கு ஒரு அளவு, குழந்தைக்கு முள்ளில்லாமல் ஒரு அளவு. பொன்னி மறுநாளே அரிவாள்மனையைக் கொண்டுவந்தாள். லேக் பிரீஸின் சமையலறைகள் நாகரிகமாக இருப்பதற்காக லேக் பிரீஸின் வாசலில் அவள் புடவையை ஏற்றிச் செருகினாள்.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ராஜகோபால் இன்ஷூரன்ஸில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. வேலை இல்லாத மனிதர் என்று சொல்லலாம். மீன் மீது அவருக்கு எந்த விரோதமும் இல்லை. ஞாயிறு தவறாமல் அவர் மனைவி ஜெயக்கொடி ஒரு கிலோ சங்கரா வாங்குவார். பொன்னிதான் வெட்டிக் கொடுப்பாள். ராஜகோபாலுக்கு வேண்டியது அந்த எட்டடி. விருந்தாளிகளின் கார் நிறுத்த இடம் போதவில்லை என்று பொதுக்குழுவில் இரண்டு வருடமாகப் பேச்சு. ஆக்கிரமிப்பு என்று மனு கொடுத்துப் பார்த்தார். பொன்னியிடம் தெருவோர வியாபாரி அட்டை இருக்கிறது, அந்த இடமே அதில் எழுதியிருக்கிறது என்று பதில் வந்தது. நாற்றம் என்று மனு கொடுத்தார். பதிலே வரவில்லை. பூனைகள் பெருகிவிட்டன என்று ஒரு மனு. பூனைகளுக்கு எந்தப் பிரிவும் பொருந்தவில்லை.

பிறகுதான் அவருக்கு இது தட்டுப்பட்டது. பொது இடத்தில் ஆபாசமான செய்கை: பழைய சட்டத்தில் 294, புதிய சட்டத்தில் 296, மூன்று மாதம் வரை உள்ளே வைக்கலாம். எண்ணை மாற்றியவர்கள், ஆபாசம் என்றால் என்ன என்பதை அந்தப் பிரிவில் சொல்லாமலே விட்டுவிட்டார்கள். அந்த இடைவெளி ஒரு கார் நுழையப் போதுமானது என்று ராஜகோபால் கணித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே முக்கால். வியாபாரத்தின் உச்சம். பெட்டியில் வஞ்சிரம், கொடுவா, இறால், இரண்டு கூறு நெத்திலி. ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் ஏட்டு மெட்டில்டா. பொன்னிக்குப் பழக்கமான முகம்தான், எப்போதாவது கிழங்கான் வாங்குவார். ஸ்டேஷன் வரைக்கும் வந்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள், ஒன்றும் பெரிய விஷயமில்லை என்றார். பெரிய விஷயமில்லை என்று போலீஸ் சொன்னவுடன் வரிசையில் நின்ற ஆறு பேரும் தூக்குவாளிகளோடு கலைந்தார்கள். மீனை விட்டுவிட்டு வர முடியாது என்றாள் பொன்னி. ஆகவே தெர்மாகோல் பெட்டியும் தராசும் அரிவாள்மனையும் அவளோடு ஜீப்பில் ஏறின.

ஸ்டேஷனில் பெட்டியை வராந்தாவில், நிழல் விழும் மூலையாகப் பார்த்து வைத்தாள். ஐஸ் மதியம் வரைக்கும் தாங்கும். அதற்குள் போய்விட வேண்டும். அந்தக் கணக்கு ஒன்றுதான் அப்போது அவள் மனதில் இருந்தது.

உள்ளே எஸ்.ஐ. தேவானந்தம் ஒரு தாளைப் படித்துக்கொண்டிருந்தார். எதிரே ராஜகோபால், இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையில். புகார் மூன்று பக்கம். நாலாவது பக்கத்தில் கலரில் அச்சிட்ட ஒரு படம். எஸ்.ஐ. அதைத் திருப்பி அவள் பக்கமாக நகர்த்தினார்.

பொன்னி முதலில் மீனைத்தான் பார்த்தாள். கொடுவா, போன வாரத்து மீன், மூன்றாம் மாடி அம்மா வாங்கியது. பிறகு கத்தியைப் பார்த்தாள். அதன் பிறகுதான் அந்த முழங்கால் யாருடையது என்று அவளுக்குப் புரிந்தது. ராஜகோபால் வீட்டு இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து பெரிதாக்கி எடுத்து, தேவையில்லாததை வெட்டியிருந்தார்கள். படத்தில் மீனுக்குத் தலை இருந்தது; அவளுக்கு இல்லை.

உடம்பு முழுக்க ஒரு சூடு ஏறி இறங்கியது. கை தானாகப் புடவைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிக்கொண்டது. மறைக்க வேண்டியது தோளில் இல்லை என்பது கைக்குத் தெரியவில்லை.

எஸ்.ஐ. நிதானமாகவே பேசினார். அந்தக் குடியிருப்பில் குழந்தைகள் இருக்கிறார்கள், வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், போகிற வருகிற இடத்தில் இப்படி உட்கார்ந்தால் புகார் வரத்தான் செய்யும் என்றார். கேஸ் போட்டால் தாம்பரம் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும், அதெல்லாம் எதற்கு, ஒரு பேப்பரில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடு, அவ்வளவுதான்.

“இப்டி குந்தாம மீன வேற எப்டி சார் வெட்றது?” என்றாள் பொன்னி.

அது அவருடைய துறை இல்லை என்பதுபோல் எஸ்.ஐ. மெட்டில்டாவைப் பார்த்தார். மெட்டில்டா வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தார். பத்தொன்பது வருடப் பணியில் இம்மாதிரித் தாள்கள் நூற்றுக்கணக்கில் எழுதியவர். பேனா தானாக ஓடும். எழுதி முடித்ததை வாசித்துக் காட்டினார். பொன்னி, கணவர் பெயர் துலுக்காணம், ஆகிய நான், மேற்படி குடியிருப்பு வாசலில் பொதுமக்கள் முகம் சுளிக்கும் வகையில் ஆபாசமாக உட்கார்ந்து மீன் வெட்டியதை ஒப்புக்கொள்கிறேன். இனிமேல் இவ்வாறு ஆபாசமாக உட்கார மாட்டேன் என உறுதி கூறுகிறேன்.

வேகமாக வாசித்ததால் பொன்னிக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அவள் ஐந்தாவது வரை படித்தவள். தாளை வாங்கி விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக நகர்ந்தாள். இரண்டாவது வரியில் விரல் நின்றது. நாலாவது வரியில் மறுபடி நின்றது.

“இந்த வார்த்தைய எடுத்துருங்க மேடம். கையெழுத்து போட்டுர்றேன்.”

மெட்டில்டா சிரித்துவிட்டார். அந்த வார்த்தையை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது, உட்கார்ந்து மீன் வெட்டினேன் என்பதுதான் இருக்கும், அதற்கு யாராவது எழுதி வாங்குவார்களா என்றார். சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே கேட்டதுபோல் பேனாவை மூடினார்.

ராஜகோபாலுக்கு அந்தச் சொல் வேண்டும். அதை அடுத்த பொதுக்குழுவில் வைக்க வேண்டும். “நான் பர்சனலா எதுவும் சொல்லல சார்,” என்றார் எஸ்.ஐ.யிடம். “கம்யூனிட்டி சென்டிமென்ட் ஒண்ணு இருக்கு இல்லையா. அபார்ட்மென்ட் வாட்ஸாப் குரூப்ல போட்டப்ப எல்லாருமே ஷாக் ஆயிட்டாங்க.”

பதினொன்றரைக்குத் துலுக்காணம் வந்து சேர்ந்தான். யாரோ போன் பண்ணியிருந்தார்கள். படத்தைப் பார்த்ததும் முகம் கறுத்தது. ராஜகோபாலை ஒரு முறை முறைத்தான். ஆனால் இடம் ஸ்டேஷன் என்பதால் கோபம் பொண்டாட்டி பக்கம் திரும்பியது. வராந்தாவுக்கு அவளைக் கூட்டிப்போனான்.

“போட்டுட்டு வாம்மே. பேப்பர்தான அது. கிழிச்சி எங்கியோ சொருவிருவானுங்க. மீனு கெட்டுப்பூடும்.”

பொன்னி பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஐஸ் பாதியாக இறங்கியிருந்தது. இறாலை மேலே எடுத்து, நெத்திலியைக் கீழே தள்ளி, ஈரச்சாக்கை மடித்து மூடினாள். கை பாட்டுக்கு வேலை செய்தது.

“நம்ம குப்பத்துல எத்தினி பொம்பளைங்க குந்திகினு வெட்றாங்க?” என்று கேட்டாள்.

“இன்னாத்துக்கு இப்ப அது?”

“நாப்பது பேரு கீறாங்க. நா இத்துல கையெழுத்து போட்டா நாப்பது பேரும் அதான்னு ஆவுது. ஒங்கம்மாவும் சேத்தி.”

அம்மாவை இதற்குள் இழுப்பாள் என்று துலுக்காணம் எதிர்பார்க்கவில்லை. பெட்டியின் மறுபக்கத்தில் குந்திக்கொண்டான். ஆண்கள் குந்துவதற்குப் பிரிவு கிடையாது. லுங்கி தொடை வரை ஏறியிருந்தது. பாராவில் நின்ற காவலர் அதைப் பார்த்தும் பார்க்காமல் நின்றார்.

பன்னிரண்டரைக்கு எஸ்.ஐ. மறுபடி கூப்பிட்டார். குரலில் நிதானம் குறைந்திருந்தது. கையெழுத்துப் போடவில்லை என்றால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டியிருக்கும், அந்த அரிவாள்மனையைக் கேஸ் பொருளாக எடுத்து வைத்துக்கொள்வோம், கேஸ் முடிகிற வரைக்கும் திரும்பக் கிடைக்காது என்றார். தாளைச் சுட்டினார். சொல்லுக்காக அடம் பிடிக்கிற நேரமா இது.

பொன்னி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படம் இன்னும் அங்கேயே கிடந்தது; அதில் இருந்த முழங்காலைத் தன்னுடையதாக நினைக்க அவளால் முடியவில்லை.

“சார், ஒண்ணு கேக்கறேன். நா குந்துனது அசிங்கம்னா, இவரு எதுக்கு சார் அத்த அத்தினி பேருக்கு அனுப்ச்சாரு?”

 

எவிடன்ஸுக்காக என்றார் ராஜகோபால். எவிடன்ஸ் என்றால் ஸ்டேஷனுக்குத்தானே அனுப்ப வேண்டும் என்று மெட்டில்டா தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். குரூப்பில் எத்தனை பேர் என்று எஸ்.ஐ. கேட்டார். இருநூற்றுப் பதினாலு என்றார் ராஜகோபால். எல்லாம் ஃபேமிலி சார் என்று சேர்த்துக்கொண்டார். எஸ்.ஐ. புகாரை மறுபடி புரட்டினார். அது ஆபாசம் என்றால் அதை இருநூற்றுப் பதினாலு பேருக்கு விநியோகித்தவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அது ஆபாசம் இல்லை என்றால் மூன்று பக்கப் புகாரும் மீன் சுற்றத்தான் ஆகும். இரண்டில் எது என்று தீர்மானிக்கும் வேலையைச் சட்டம் தேவானந்தத்திடம் விட்டிருந்தது. அவர் ராஜகோபாலை டீ குடிக்க வெளியே அழைத்துப்போனார்.

அறையில் பொன்னியும் மெட்டில்டாவும் மட்டும் மிஞ்சினார்கள். மெட்டில்டா குரலைத் தாழ்த்தினார். “நீயும் ஒரு கம்ப்ளெயின்ட் குடு பொன்னி. ஐ.டி. ஆக்ட் அறுபத்தேழு. மூணு வருஷம். அந்த ஆளு ஆடிப்போயிடுவான்.”

காலையிலிருந்து முதல் தடவையாகப் பொன்னியின் மூச்சு நேராக வந்தது. இப்படி ஒரு வழி இருப்பதை ஏன் யாரும் சொல்லவில்லை. எழுதுங்கள் என்றாள். மெட்டில்டா புதுத் தாளை எடுத்தார். பேனா இந்த முறை உற்சாகமாகவே ஓடியது. நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது எனக்குத் தெரியாமல் மேற்படி நபர் என்னை ஆபாசமாகப் படம் எடுத்து, அந்த ஆபாசப் படத்தை.

“மேடம், நிறுத்துங்க.”

மெட்டில்டா நிமிர்ந்தார்.

“திரும்பவும் அதே வார்த்தை வருது.”

“இது அவனுக்குடீ. ஒனக்கில்ல.”

“படத்துல கீறது நாந்தான மேடம்?”

மெட்டில்டா பொறுமையாக விளக்கினார். அந்தப் பிரிவு ஆபாசமான படத்தை அனுப்புவதைத்தான் குற்றம் என்கிறது. படம் ஆபாசம் இல்லை என்றால் அனுப்பியதில் குற்றம் இல்லை. ரகசியமாகப் படம் எடுப்பதற்கு வேறு பிரிவு இருக்கிறது. ஆனால் அது அறைக்குள்ளே, மறைவாக இருக்கும்போது எடுத்தால்தான். நீ இருந்தது ரோட்டில். ஆகவே இது ஒன்றுதான் பொருந்தும். அந்த ஒரு சொல்லை நீ ஒப்புக்கொண்டால் அவன் மாட்டிக்கொள்வான். ஒப்புக்கொள்ளாவிட்டால் அவன் மேல் ஒன்றும் இல்லை.

பொன்னி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்று அவளைத் தண்டிப்பதற்கு. மற்றது அவளைக் காப்பாற்றுவதற்கு. இரண்டுக்கும் கட்டணம் ஒன்றே. அவள் முழங்காலைப் பற்றி அவளே அந்தச் சொல்லைச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

“வேற வார்த்த இல்லியா மேடம் சட்டத்துல?”

 வேலைக்குச் சேர்ந்த புதிதில் காக்கி பேன்ட் போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் வண்டியை உதைத்தபோது மாமியார் சொன்ன சொல் மெட்டில்டாவுக்கு ஞாபகம் வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். புதுத் தாளை நாலாக மடித்து இழுப்பறையில் போட்டார்.

டீ குடித்துத் திரும்பிய ராஜகோபாலின் சட்டையில் இஸ்திரி சற்றுக் கலைந்திருந்தது. எஸ்.ஐ. அவரிடம், எஃப்.ஐ.ஆர். போட்டால் உங்கள் போனை வாங்கி ஆய்வுக்கு அனுப்ப வேண்டியிருக்கும், திரும்ப வர மாதக்கணக்கில் ஆகும் என்று மட்டும் சொல்லியிருந்தார். கேஸ் வேண்டாம் என்பதில் இப்போது ராஜகோபாலும் பொன்னியும் ஒரே கட்சி. ஆனால் எழுதி வாங்குவது மட்டும் முன்பைவிட அவசியமாகிவிட்டது. அந்தச் சொல் இல்லாவிட்டால், இரண்டாம் மாடி பால்கனியில் நின்று ஒரு மீன்காரியின் காலைப் பெரிதாக்கிப் படம் எடுத்த மனிதராக அவர் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். வீட்டில் ஜெயக்கொடி இருந்தார்.

ஆகவே எல்லோரும் மரியாதைக்கு இறங்கினார்கள். அது மிரட்டலைவிடக் கஷ்டமாக இருந்தது. யாரும் உன்னைத் தப்பாக நினைக்கவில்லை என்றார் ராஜகோபால். நாளைக்கே வந்து அதே இடத்தில் கடை போட்டுக்கொள், சங்கம் எதுவும் சொல்லாது, புடவையைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொள், அவ்வளவுதான் என்றார். கார் நிறுத்தும் இடத்தைக்கூட விட்டுக்கொடுத்துவிட்டார் என்பதை அவரே கவனிக்கவில்லை. துலுக்காணம் வாசல்படியில் நின்று கையெழுத்துப் போடுவதுபோல் காற்றில் விரலை ஆட்டிக் காட்டினான். எஸ்.ஐ. பேனாவை அவள் பக்கம் உருட்டிவிட்டார். சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. வராந்தாவிலிருந்து மீன் வாசம் மெல்ல உள்ளே வரத் தொடங்கியிருந்தது. பெட்டியின் அடியிலிருந்து ஒரு நீர்க்கோடு வாசல்படியைத் தாண்டி மேஜையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

பொன்னி பேனாவை எடுத்தாள். துலுக்காணம் பெருமூச்சு விட்டான்.

“சார்,” என்றாள், “வேற இன்னா எழுதுனா வுட்ருவீங்க?”

எஸ்.ஐ.க்குப் புரியவில்லை.

“அந்த வார்த்த வேணாம். வேற தப்பு எதுனா எழுதுங்க. போட்டுர்றேன்.”

இத்தனை வருடப் பணியில் தப்பைத் தேர்ந்தெடுத்துத் தரச் சொல்லி யாரும் தேவானந்தத்திடம் கேட்டதில்லை. சற்று யோசித்துவிட்டு, நடைபாதையில் இடைஞ்சலாகக் கடை போட்டேன், இனிமேல் அந்த இடத்தில் போடமாட்டேன் என்று வேண்டுமானால் எழுதிக் கொடு என்றார். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார்.

“அத்த எழுதுங்க.”

மெட்டில்டா பேனாவை எடுக்கவில்லை. குனிந்து, “ஒங்கிட்ட கார்டு இருக்கு பொன்னி,” என்றார் மெதுவாக. “அந்த எடத்துலேருந்து ஒன்ன ஒருத்தனும் எழுப்ப முடியாது. இத எழுதுனா நீயா எழுந்து போற மாதிரி ஆயிடும்.”

பொன்னிக்கு அது தெரியும். அந்த அட்டைக்காக இரண்டு வருடம் நடந்தவள் அவள்தான். பதினோரு வருடத்து வாடிக்கை, மூன்றாம் மாடிக்கு எந்த அளவு, முதல் மாடிக்கு எந்த மீன், மரத்தின் நிழல் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் விழும், எல்லாம் அந்த எட்டடிக்குள் இருந்தது. துலுக்காணம் படியிலிருந்து இறங்கி உள்ளேயே வந்துவிட்டான். பைத்தியமா உனக்கு, அவன் கேட்டதே அந்த இடத்தைத்தானே, இரண்டு வருடமாக அவனால் வாங்க முடியாததை நீ தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கிறாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

“எடம் போனா போவுது,” என்றாள் பொன்னி. “எடம் ரோட்ல கீது. காலு என்னுது.”

மெட்டில்டா எழுதினார். இம்முறை பேனா தானாக ஓடவில்லை. ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று போனது. எழுதி முடித்த தாளைப் பொன்னி விரல் வைத்து முழுக்கப் படித்தாள். இடைஞ்சல் என்ற இடத்தில் விரல் நின்றது. பிறகு நகர்ந்தது. கீழே கையெழுத்துப் போட்டாள். ‘ன்னி’யின் சுழி சற்றுப் பெரிதாக வந்தது.

ராஜகோபால் தாளை வாங்கிப் படித்தார். இரண்டு வருடமாக அவர் கேட்டது அதில் இருந்தது. அவருக்கு மகிழ்ச்சி வரவில்லை. “அப்ப அந்த போட்டோ?” என்றார். குரூப்பிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றார் எஸ்.ஐ. ராஜகோபால் போனை எடுத்து அழுத்திப் பார்த்தார். புதன்கிழமை போட்ட படம். எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்கும் கெடு தாண்டிவிட்டது. அவருடைய போனிலிருந்து மட்டும் அழிந்தது. அதை எஸ்.ஐ.யிடம் காட்டினார்; எஸ்.ஐ. தலையாட்டினார், பொன்னியிடம் யாரும் எதையும் காட்டவில்லை.

நெத்திலி போய்விட்டது. இறாலைப் பாதி விலைக்கு மேடவாக்கத்தில் ஒரு ஓட்டல்காரன் எடுத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை பொன்னி புது இடத்தில் பெட்டியைத் திறந்தாள். பழைய இடத்திலிருந்து முந்நூறு தப்படி. ரேடியல் சாலையைத் தாண்டி, டயர்க் கடைச் சுவரோரம். நிழல் இல்லை. லேக் பிரீஸிலிருந்து வர வேண்டுமானால் லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடக்க வேண்டும். எட்டு மணி வரைக்கும் யாரும் கடக்கவில்லை. அந்த எட்டடியில் அதற்குள் ஒரு வெள்ளைக் கார் நின்றுகொண்டிருந்ததை அவள் வரும்போதே பார்த்தாள். எட்டேகாலுக்கு மூன்றாம் மாடி அம்மா மட்டும் முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஒரு கொடுவாவை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தார். நடந்ததைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, குழம்புக்கு என்றார். அந்தப் படம் இவர் போனிலும் இருக்கும் என்று பொன்னி நினைத்தாள். அவர் அதை நினைத்துக்கொண்டிருக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அரிவாள்மனையை விரித்து, வலது காலால் மிதித்து, புடவையை ஏற்றிச் செருகி உட்கார்ந்தாள். செதில் சீவினாள். எதிரே ஒரு புதுக் கட்டடம். ஒன்பது மாடி, மாடிக்கு நாலு பால்கனி. காய்கிற துணிகள். ஆறாவதில் ஒருவன் போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தான். பேசி முடித்துப் போனைக் கீழே இறக்கினான். அது மட்டும்தான் அவன் செய்தது.

பொன்னியின் இடது கை மீனை விட்டுவிட்டுப் புடவையின் ஓரத்தை இழுத்தது. பாதம் பலகையில் வழுக்கியது. கத்தி கட்டைவிரலில் இறங்கியது.

மூன்றாம் மாடி அம்மா பதறிப்போய்க் கைக்குட்டையைத் தேடினார். பொன்னி விரலைக் குடத்துத் தண்ணீரில் முக்கி, சாக்கின் நுனியைக் கிழித்துச் சுற்றி, பல்லால் முடிச்சுப் போட்டாள். ஒண்ணுமில்லம்மா என்றாள். இடுப்பை அசைத்துப் புடவையை மறுபடி முழங்காலுக்கு மேலே ஏற்றினாள். முன்பு இருந்த இடத்துக்கே. காலைப் பலகையில் ஊன்றினாள்.

கொடுவாவை ஒன்பது துண்டு போட்டாள். எல்லாம் ஒரே அளவாகத்தான் விழுந்தன. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தடவை மேலே பார்த்தாள்.